20-ஆம் தேதி சிஸ்டம் நிற்காமல் இருக்க: சிறு அலுவலகங்களுக்கான கேள்வி-பதில்

திருப்பூர், ஈரோடு பக்கம் நான்கு சிஸ்டம் முதல் முப்பது சிஸ்டம் வரை வைத்திருக்கும் அலுவலகங்களுக்கு ஏ.எம்.சி., அதாவது வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்த வேலை பார்க்கிறோம். பனியன் கம்பெனி, நூல் கடை, ஆடிட்டர் ஆபீஸ், மருந்து மொத்த வியாபாரம் என்று இடம் மாறினாலும் போனில் வரும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுதான். அவற்றையும், எங்கள் பதில்களையும் இங்கே போட்டிருக்கிறோம்.

சிஸ்டம் நன்றாகத்தானே ஓடுகிறது, எதற்குப் பராமரிப்பு?

ஹார்ட் டிஸ்க் ஒருநாள் போகும், யூபிஎஸ் பேட்டரி ஒருநாள் இறங்கும், அதில் சந்தேகமே இல்லை. எந்த நாள் என்பது மட்டும்தான் தெரியாது. முன்கூட்டியே பார்த்து வைத்தால் அந்த நாளை நீங்கள் முடிவு செய்யலாம்: ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஆபீஸில் ஆள் இல்லாத நேரம், கையில் புது டிஸ்க் இருக்கும்போது. பார்க்காமல் விட்டால் அது பெரும்பாலும் 11-ஆம் தேதியோ 20-ஆம் தேதியோ வந்து நிற்கும், மாதாமாதம் ஜிஎஸ்டி ரிட்டர்ன்களான ஜிஎஸ்டிஆர்-1, 3பி தாக்கல் செய்பவர்களுக்குக் கடைசி நாள். இதில் கெட்ட நேரம் எதுவும் இல்லை; அன்றைக்குத்தான் எல்லா சிஸ்டமும் காலையிலிருந்து ராத்திரி வரை மூச்சுவிடாமல் ஓடுகிறது, பாதி செத்த பேட்டரியும் பாதி செத்த டிஸ்க்கும் அன்றைக்குத்தான் கையை விரிக்கும்.

எங்களிடம் இருப்பதே மூன்று கம்ப்யூட்டர். இதற்கெல்லாம் அவசியமா?

முப்பது இருக்கும் இடத்தில் ஒன்று போனால் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வேலையை ஓட்டிவிடுவார்கள். மூன்றில் டேலி என்ற கணக்கு மென்பொருள் இருக்கும் அந்த ஒன்று போனால் கடையே நின்றுவிடும். அதனால் உங்களுக்குத்தான் முதலில் அவசியம்.

அதிகமாகப் பழுதாவது எதனால்? வைரஸா?

எல்லோரும் வைரஸைத்தான் சொல்வார்கள். எங்கள் பக்கத்தில் நாங்கள் பார்ப்பது கரண்ட், தூசு, சூடு, இந்த மூன்றும்தான்.

தூசு என்றால் வீட்டுத் தூசு மாதிரி இல்லை. நிட்டிங், பவர்லூம் பக்கத்தில் பஞ்சு பறந்துகொண்டே இருக்கும். அது சிபியு ஃபேன் வழியாக உள்ளே இழுக்கப்பட்டு, சூட்டை வெளியேற்றும் ஹீட் சிங்க் மேல் மெத்தை போலப் படிந்துவிடும். சூடு ஏறியதும் பிராசசர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானாகவே வேகத்தைக் குறைக்கும். உங்களுக்கு அது "சிஸ்டம் ஸ்லோ" என்று தெரியும், நீங்கள் ரேம் வாங்கிப் போடுவீர்கள், ஒரு மாற்றமும் இருக்காது. சூடு இன்னும் ஏறினால் பட்டென்று அணைந்துவிடும். மதியம் இரண்டு மணிக்கு மேல் மட்டும் அணைகிறது, காலையில் ஒழுங்காக ஓடுகிறது என்றால் முதலில் மூடியைத் திறந்து பாருங்கள்.

பஞ்சு பறக்கும் இடத்தில் மாதம் ஒருமுறை, சாதாரண ஆபீஸில் மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை ப்ளோயர் போட்டால் போதும். ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு, வெளியே எடுத்துச் சென்று அடிக்க வேண்டும். அடிக்கும்போது ஃபேனை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். காற்றின் வேகத்தில் அது தாறுமாறாகச் சுற்றினால் பேரிங் போய்விடும். ஈரத்துணி வேண்டாம். பல வருடம் ஆன சிஸ்டமாக இருந்தால் பிராசசர் மேல் இருக்கும் தெர்மல் பேஸ்ட் காய்ந்து பொடியாகியிருக்கும், அதையும் துடைத்துப் புதிதாக வைக்கச் சொல்லுங்கள். சிபியுவைத் தரையிலிருந்து ஒரு முழம் தூக்கி வைத்தாலே பாதிப் பஞ்சு குறையும். பூஜை சாம்பிராணி காட்டுவதைச் சிபியுவுக்குப் பின்னால் காட்டாதீர்கள் என்று மட்டும் பணிவாகக் கேட்டுக்கொள்கிறோம்.

யூபிஎஸ் இருக்கிறதே, பிறகு ஏன் கரண்ட் போனதும் அணைகிறது?

யூபிஎஸ் பெட்டி இருக்கிறது, உள்ளே இருக்கும் பேட்டரி எப்போதோ செத்துவிட்டது. சின்ன யூபிஎஸ்களில் இருக்கும் சீல் செய்த லெட்-ஆசிட் பேட்டரி இரண்டு மூன்று வருடம்தான் தாங்கும், சூடான அறையில் அதற்கும் குறைவு. 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஆயுள் சுமார் பாதியாகும் என்பது பேட்டரித் தொழிலில் வழக்கமாகச் சொல்லும் கணக்கு. சித்திரை வெயிலில் மேசைக்கு அடியில் காற்றே படாமல் கிடக்கும் யூபிஎஸ்ஸை யோசித்துக்கொள்ளுங்கள்.

சோதிப்பது சுலபம். வேலை இல்லாத ஒரு நாளில் எல்லா ஃபைலையும் மூடிவிட்டு, சுவரில் இருக்கும் ஸ்விட்சை அணையுங்கள். எத்தனை நிமிடம் தாங்குகிறது என்று பார்த்து, தேதியோடு ஒரு துண்டுத் தாளில் எழுதி யூபிஎஸ் மேலேயே ஒட்டுங்கள். மூன்று மாதம் கழித்துத் திரும்பப் பாருங்கள். நிமிடம் குறைந்துகொண்டே வந்தால் பேட்டரியை மட்டும் மாற்றலாம், பெட்டியை மாற்ற வேண்டியதில்லை. அப்புறம் லேசர் பிரிண்டரை யூபிஎஸ்ஸில் மாட்டாதீர்கள். 600 விஏ யூபிஎஸ் கொடுக்கக்கூடியது சுமார் 360 வாட். லேசர் பிரிண்டர் சூடேறும் அந்தச் சில நொடிகளில் அதைவிடக் கூடுதலாக இழுக்கும், யூபிஎஸ் கத்திக்கொண்டே எல்லாவற்றையும் சேர்த்து அணைத்துவிடும்.

எர்த் பற்றியும் ஒரு வார்த்தை. கேபினெட்டைத் தொட்டால் சுருக்கென்று அடிக்கிறது, ஈரமான மாதங்களில் மவுஸ் தானாக ஓடுகிறது, நெட்வொர்க் ஸ்விட்ச் அடிக்கடி போகிறது, இதெல்லாம் இருந்தால் கம்ப்யூட்டர்காரரைக் கூப்பிடும் முன் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே எத்தனை வோல்ட் காட்டுகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். ஓரிரு வோல்ட் என்றால் பரவாயில்லை. பத்து இருபது என்று காட்டினால் அதைச் சரிசெய்யாமல் நீங்கள் எத்தனை போர்டு மாற்றினாலும் போய்க்கொண்டேதான் இருக்கும்.

சிஸ்டம் ரொம்ப ஸ்லோ. ஃபார்மட் அடித்துவிடலாமா?

எதற்கெடுத்தாலும் ஃபார்மட் என்பது சர்வீஸ்காரருக்குச் சுலபம், உங்களுக்கு இரண்டு நாள் வேலை. முதலில் பார்க்க வேண்டியது, உள்ளே இருப்பது பழைய சுற்றும் ஹார்ட் டிஸ்க்கா, எஸ்எஸ்டியா? ஹார்ட் டிஸ்க் என்றால் எஸ்எஸ்டிக்கு மாற்றுங்கள்; ஐந்தாறு வருடப் பழைய மெஷினில் இதைப்போல வித்தியாசம் தருகிற செலவு வேறு எதுவும் இல்லை. எஸ்எஸ்டி ஏற்கெனவே இருந்தால் சி டிரைவில் இடம் இருக்கிறதா என்று பாருங்கள், ஐந்தில் ஒரு பங்காவது காலியாக இருக்கட்டும். ஆன் செய்ததும் தானாகத் தொடங்கும் புரோகிராம்களைக் குறையுங்கள், பழைய பிரிண்டர்களின் "உதவியாளர்" மென்பொருள்கள்தான் அதில் பாதி இருக்கும்.

இன்னொன்று. தினமும் ஷட்டவுன் செய்கிறோம் என்பார்கள், ஆனால் விண்டோஸ் 8-இலிருந்து இருக்கும் "ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்" வசதியால் ஷட்டவுன் கொடுத்தாலும் விண்டோஸின் உள் பகுதி அப்படியே டிஸ்க்கில் சேமிக்கப்பட்டு மறுநாள் எழுகிறது. முழுசாகப் புதிதாகத் தொடங்க வேண்டுமென்றால் ரீஸ்டார்ட்தான் கொடுக்க வேண்டும். வாரம் ஒருமுறை, சனிக்கிழமை கிளம்பும் முன் ரீஸ்டார்ட் போட்டுவிட்டுப் பிறகு ஷட்டவுன் செய்யுங்கள். எங்களுக்கு வரும் போன்களில் கணிசமானவை இதிலேயே முடிந்துவிடுகின்றன.

விண்டோஸ் அப்டேட்டை நிறுத்தி வைத்திருக்கிறோம், அது வேலையைக் கெடுக்கிறது. தப்பா?

தப்புதான், ஆனால் கோபம் நியாயமானது. அவசரமாக பில் போடும்போது "அப்டேட் ஆகிறது, அணைக்காதீர்கள்" என்று நீலத் திரை வந்தால் யாருக்குத்தான் எரிச்சல் வராது.

2017 மே 12-ஆம் தேதி வான்னாக்ரை என்ற ரான்சம்வேர் (ஃபைல்களைப் பூட்டிவிட்டுச் சாவிக்குப் பணம் கேட்கும் மென்பொருள்) ஒரே நாளில் உலகம் முழுக்கப் பரவியது. பிரிட்டனில் அரசு மருத்துவமனைகள் அறுவை சிகிச்சைகளைத் தள்ளிப்போட வேண்டியதாயிற்று. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14-ஆம் தேதியே வெளியிட்டிருந்தது. ஏறக்குறைய இரண்டு மாதம் இருந்தும் போடாமல் விட்டவர்கள்தான் பெரும்பாலும் மாட்டினார்கள். மறுபக்கம், 2024 ஜூலை 19-ஆம் தேதி கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளின் தவறான அப்டேட் ஒன்றால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் மெஷின்கள் நீலத் திரையில் நின்றன, இந்தியாவிலும் விமான நிலையங்களில் போர்டிங் பாஸை கையால் எழுதிக் கொடுத்தார்கள். ஆக, போடாவிட்டாலும் ஆபத்து, எல்லா மெஷினிலும் ஒரே நேரத்தில் கண்ணை மூடிக்கொண்டு போட்டாலும் ஆபத்து.

நாங்கள் செய்வது இதுதான். மைக்ரோசாஃப்ட் பாதுகாப்பு அப்டேட்களை மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை விடும், நமக்கு அது புதன் காலை. முதலில் முக்கியமில்லாத ஒரு சிஸ்டத்தில் போடுகிறோம், ரிசப்ஷனில் இருப்பது போல ஒன்று. இரண்டு மூன்று நாள் பிரிண்டர், டேலி, டிஜிட்டல் கையொப்ப (டிஎஸ்சி) டோக்கன் எல்லாம் ஒழுங்காக வேலை செய்தால் சனிக்கிழமை மாலை மற்றவற்றில். டிடிஎஸ் கட்டும் 7, அப்புறம் 11, 20 ஆகிய தேதிகளிலும் அதற்கு முந்தைய நாளிலும் எதையும் தொடுவதில்லை. விண்டோஸிலேயே "ஆக்டிவ் ஹவர்ஸ்" என்று வேலை நேரத்தைக் குறித்து வைக்கலாம், அந்த நேரத்தில் தானாக ரீஸ்டார்ட் ஆகாது.

விண்டோஸ் 10 இன்னும் ஓடுகிறது. மாற்றித்தான் ஆக வேண்டுமா?

அதற்கான இலவசப் பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. மெஷின் ஓடும், நிற்காது. புதிதாக ஓட்டை கண்டுபிடித்தால் அடைக்க ஆள் இல்லை, அவ்வளவுதான். நிறுவனங்கள் பணம் கட்டி மூன்று வருடம் வரை நீட்டிக்கலாம், முதல் வருடம் ஒரு மெஷினுக்கு 61 டாலர், அதற்குப் பிறகு வருடாவருடம் இரண்டு மடங்கு. விண்டோஸ் 11 ஏற வேண்டுமென்றால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி மெஷினில் வேண்டும், இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை பிராசசரோ அதற்கு மேலோ இருக்க வேண்டும். அதற்குக் கீழே உள்ள மெஷினில் குறுக்கு வழியில் ஏற்றித் தருகிறேன் என்று யாராவது சொன்னால், வீட்டில் பிள்ளைகள் படிக்கும் மெஷினில் வேண்டுமானால் செய்துகொள்ளுங்கள், கணக்கு மெஷினில் வேண்டாம். வாங்க முடியாத நிலை என்றால் அந்தப் பழைய மெஷினை இன்டர்நெட்டிலிருந்து பிரித்து, பில் அடிக்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

பேக்கப் எடுக்கிறோம். டி டிரைவில் இருக்கிறது. போதுமா?

டி டிரைவ் என்பது பெரும்பாலும் அதே டிஸ்க்கின் இன்னொரு பகுதி. டிஸ்க் போனால் சி-யும் டி-யும் சேர்ந்தே போகும். அதைப் பேக்கப் என்று சொல்ல முடியாது.

அடுத்து பென் டிரைவ். எப்போதும் சிஸ்டத்திலேயே செருகி வைத்திருக்கிறார்கள். ரான்சம்வேர் வந்தால் மாட்டியிருக்கும் எல்லா டிரைவையும் சேர்த்துத்தான் பூட்டும். திருடன் சிபியுவைத் தூக்கிக்கொண்டு போனாலும் பென் டிரைவும் கூடவே போகும். எடுத்து முடித்ததும் கழற்ற வேண்டும்.

அப்புறம், "எல்லாம் கூகுள் டிரைவில் தானாகப் போகிறது" என்பவர்கள். போகட்டும், நல்லது. ஆனால் அது ஒத்திசைவு: இங்கே அழித்தால் அங்கேயும் அழியும், இங்கே பூட்டப்பட்ட ஃபைல் அங்கேயும் பூட்டப்பட்டதாகத்தான் போய்ச் சேரும். குப்பைத் தொட்டியில் 30 நாள் இருக்கும், அதற்குள் கவனித்தால் தப்பித்தீர்கள். மார்ச்சில் அழிந்த ஃபோல்டரை ஆடிட்டர் கேட்டு ஆகஸ்டில் தேடினால் கிடைக்காது. டேலி டேட்டா ஃபோல்டரையே ஒத்திசைவில் வைத்து, அதிலேயே ஓட்டவும் செய்கிறார்கள் சிலர். ஃபைல் திறந்திருக்கும்போதே பாதியில் மேலே ஏற்றி, வேறு சிஸ்டத்தில் பாதியாக இறங்கி, டேட்டா கெட்டுப்போக இதைவிட நல்ல வழி கிடையாது. பேக்கப் எடுத்த ஃபைலை மட்டும் அங்கே அனுப்புங்கள்.

பழைய விதி ஒன்று உண்டு, 3-2-1 என்பார்கள். மூன்று பிரதி, இரண்டு விதமான இடம், ஒன்று கட்டடத்துக்கு வெளியே. நடைமுறையில் இப்படி வைத்துக்கொள்ளலாம்: சிஸ்டத்தில் இருப்பது ஒன்று, இரண்டு வெளிப்புற டிஸ்க் வாங்கி வாரத்துக்கு ஒன்றாக மாற்றி மாற்றி, ஒன்று ஆபீஸில் இருக்கும்போது மற்றது முதலாளி வீட்டு பீரோவில், தினசரி பேக்கப் ஃபைல் கிளவுடில். பிரைவேட் லிமிடெட் கம்பெனியாக இருந்தால் தினசரி பேக்கப் உங்கள் விருப்பம் இல்லை, கட்டாயம். கணக்குகளைக் கம்ப்யூட்டரில் வைத்திருக்கும் கம்பெனிகள் இந்தியாவுக்குள் இருக்கும் சர்வரில் தினமும் பேக்கப் வைக்க வேண்டும் என்று 2022 ஆகஸ்டில் விதியைத் திருத்தினார்கள். அதற்கு முன்னால் அங்கே "தினமும்" என்று இல்லை. உங்கள் ஆடிட்டர் இதை ரிப்போர்ட்டில் எழுத வேண்டியிருக்கும், அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

பேக்கப் சரியாக இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

திரும்ப எடுத்துப் பார்த்தால்தான் தெரியும், வேறு வழி இல்லை. பச்சை டிக் காட்டுகிறது, "பேக்கப் சக்ஸஸ்" என்று மெசேஜ் வருகிறது என்பதெல்லாம் கணக்கில் சேராது.

பெரிய ஆட்களுக்கே நடந்திருக்கிறது. கிட்லேப் என்ற நிறுவனம், உலகம் முழுக்க மென்பொருள் எழுதுபவர்கள் தங்கள் நிரலைச் சேமித்து வைக்கும் இடம். 2017 ஜனவரி 31-ஆம் தேதி அவர்களுடைய பொறியாளர் ஒருவர் அழிக்க வேண்டிய சர்வருக்குப் பதிலாக, ஓடிக்கொண்டிருந்த முதன்மை சர்வரில் டேட்டாபேஸ் ஃபோல்டரை அழித்துவிட்டார். சரி, பேக்கப் இருக்குமே என்று போய்ப் பார்த்தால் தினசரி பேக்கப் எதுவுமே எடுபடவில்லை. டேட்டாபேஸின் பதிப்பு ஒன்று, பேக்கப் எடுக்கும் கருவியின் பதிப்பு வேறு. தோல்வி அடைந்ததும் மெயில் வரும்படி அமைத்துத்தான் வைத்திருந்தார்கள், அந்த மெயில்களும் போய்ச் சேராமல் திருப்பி அனுப்பப்பட்டுக்கொண்டிருந்தன. கடைசியில் அதே பொறியாளர் வேறு வேலைக்காக ஆறு மணி நேரத்துக்கு முன் தற்செயலாக எடுத்து வைத்திருந்த ஒரு பிரதிதான் காப்பாற்றியது. இவ்வளவையும் அவர்களே மறைக்காமல் எழுதி வெளியிட்டார்கள், அதற்காகப் பாராட்ட வேண்டும்.

உங்கள் இடத்தில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை இதைச் செய்யுங்கள். வேறு ஒரு சிஸ்டத்தில், தனி ஃபோல்டரில் பேக்கப்பை ரீஸ்டோர் செய்து, ட்ரையல் பேலன்ஸைத் திறந்து, அசலோடு ஒப்பிடுங்கள். நேற்றைய கடைசி பில் நம்பர் இருக்கிறதா? இருந்தால் நிம்மதி. எவ்வளவு நேரம் எடுத்தது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள், நிஜமாகவே போகும் நாளில் முதலாளி கேட்கும் முதல் கேள்வி "எப்போ ரெடியாகும்" என்பதுதான். தப்பித் தவறியும் ஓடிக்கொண்டிருக்கும் டேட்டா மேலேயே ரீஸ்டோர் செய்துவிடாதீர்கள்.

டேலி டேட்டா அடிக்கடி கெடுகிறது. டேலி சரியில்லையா?

பெரும்பாலும் டேலி மேல் குற்றம் இருக்காது. இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஒரே கம்பெனியில் என்ட்ரி போடும்போது நடுவில் இணைப்பு அறுந்தால் கெடும். வைஃபையில் ஓட்டுகிறார்கள், அல்லது மேசைக் காலில் நசுங்கிய லேன் கேபிளில் ஓட்டுகிறார்கள், அல்லது டேட்டா இருக்கும் மெஷினில் யூபிஎஸ் இல்லை. டேட்டா மெஷினுக்கும் நெட்வொர்க் ஸ்விட்சுக்கும் இரண்டுக்குமே யூபிஎஸ் வேண்டும், ஸ்விட்சை மறந்துவிடுவார்கள். என்ட்ரி போடும் எல்லா சிஸ்டமும் கேபிளில் இருக்கட்டும். கெட்டுவிட்டால் ரிப்பேர் கொடுக்கும் முன் கெட்ட ஃபோல்டரை அப்படியே ஒரு காப்பி எடுத்து வையுங்கள். ரிப்பேரில் சில வவுச்சர்கள் காணாமல் போகலாம், அப்போது திரும்பிப் பார்க்க அது ஒன்றுதான் இருக்கும்.

காசு கொடுத்து ஆன்ட்டி வைரஸ் வாங்க வேண்டுமா?

விண்டோஸோடு வரும் டிஃபெண்டர் சின்ன அலுவலகத்துக்குப் போதும், அதை யாரும் அணைத்து வைக்காமல் இருந்தால். அணைத்து வைப்பது யார் தெரியுமா? கிராக் ஆபீஸ், கிராக் போட்டோஷாப் போட்டவர்தான். அந்த ஆக்டிவேட்டர் ஓட வேண்டுமென்றால் முதல் வேலையாக ஆன்ட்டி வைரஸை நிறுத்தச் சொல்லும், நிறுத்துவோம், பிறகு திரும்பப் போட யாருக்கும் நினைவிருக்காது. லைசென்ஸ் வாங்க முடியாவிட்டால் லிப்ரெ ஆபீஸ் இலவசம், கடிதமும் கொட்டேஷனும் அடிக்க அது தாராளம். இரண்டு ஆன்ட்டி வைரஸ் போட்டால் இரட்டைப் பாதுகாப்பு என்று நினைப்பவர்களுக்கு: அவை ஒன்றோடொன்று மல்லுக்கட்டி சிஸ்டத்தைத்தான் படுக்க வைக்கும்.

ரான்சம்வேர் வந்தேவிட்டால்?

லேன் கேபிளைப் பிடுங்குங்கள், வைஃபையை அணையுங்கள், மற்ற சிஸ்டங்களையும் நெட்வொர்க்கிலிருந்து பிரியுங்கள். பேக்கப் டிஸ்க்கை அவசரப்பட்டு அதில் மாட்டிவிடாதீர்கள், இதைத்தான் பதற்றத்தில் முதலில் செய்கிறார்கள். திரையில் வந்த செய்தியைப் போனில் போட்டோ எடுங்கள். 1930 என்ற எண்ணில் சைபர் குற்றப் புகார் கொடுக்கலாம். கம்பெனிகள், சைபர் பாதுகாப்பைக் கவனிக்கும் மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்புக்கு 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்று 2022 ஏப்ரல் 28 தேதியிட்ட உத்தரவு இருக்கிறது. யூரோபோலும் நெதர்லாந்து போலீஸும் சேர்ந்து 2016-இல் தொடங்கிய "நோ மோர் ரான்சம்" தளத்தில் சில வகைப் பூட்டுகளுக்கு இலவசச் சாவி உண்டு. உங்களுடைய வகைக்கு இருக்கும் என்ற உறுதி இல்லை, ஆனாலும் பணம் கொடுப்பதைப் பற்றி யோசிக்கும் முன் பார்த்துவிடுங்கள்.

வருகிற வழி பெரும்பாலும் இரண்டு. ஒன்று மெயிலில் வரும் "இன்வாய்ஸ்". இன்னொன்று, வீட்டிலிருந்து ஆபீஸ் சிஸ்டத்தைப் பார்க்க ரிமோட் டெஸ்க்டாப்பை ரூட்டரில் நேராகத் திறந்து வைத்திருப்பது. அதற்கு வழக்கமான 3389 என்ற போர்ட்டுக்குப் பதிலாக வேறு எண் வைத்திருக்கிறோம் என்பார்கள், ஸ்கேன் செய்கிறவனுக்கு எந்த எண்ணாக இருந்தாலும் ஒன்றுதான். விபிஎன் (வெளியிலிருந்து ஆபீஸ் நெட்வொர்க்குக்குப் பூட்டிய தனி வழி) போடுங்கள், அல்லது அதை மூடிவிடுங்கள்.

திடீரென்று நீலத் திரையில் 48 இலக்க எண் கேட்கிறது. ஹேக் செய்துவிட்டார்களா?

இல்லை, அது பிட்லாக்கர். புதிதாக வரும் விண்டோஸ் 11 மெஷின்களில் மைக்ரோசாஃப்ட் கணக்கு போட்டு அமைத்தால் டிஸ்க் பூட்டு பெரும்பாலும் தானாகவே இயங்கிவிடுகிறது. பயாஸ் அப்டேட் ஆனாலோ போர்டு மாற்றினாலோ அது சாவி கேட்கும். சாவி அந்த மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். அந்தக் கணக்கு யாருடையது என்பதுதான் பிரச்சினை, முதல் நாள் சிஸ்டத்தை அமைத்துக் கொடுத்த பையனின் சொந்த மெயிலாகக்கூட இருக்கலாம். இன்றைக்கே எல்லா மெஷின்களின் சாவியையும் அச்செடுத்து பீரோவில் வையுங்கள். சாவி இல்லையென்றால் எங்களாலும் முடியாது, மைக்ரோசாஃப்டாலும் முடியாது.

சிஸ்டத்தில் தேதி 2015 என்று காட்டுகிறது, எந்த வெப்சைட்டும் திறக்கவில்லை.

மதர்போர்டில் இருக்கும் காசு அளவு பேட்டரி தீர்ந்துவிட்டது, சிஆர் 2032 என்று கேட்டால் வாட்ச் கடையிலேயே கிடைக்கும். தேதி தப்பாக இருந்தால் பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாது என்று பிரவுசர் தளத்தைத் திறக்காது. இதற்குப் போய் ஃபார்மட் அடித்த இடங்களும் உண்டு.

ஹார்ட் டிஸ்க் போகப்போகிறது என்று முன்பே தெரியுமா?

பல நேரம் தெரியும். டிஸ்க் தன்னைப் பற்றித் தானே ஒரு குறிப்பு வைத்திருக்கிறது, ஸ்மார்ட் என்று பெயர். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் பார்க்கலாம். நீலம் என்றால் நலம், மஞ்சள் என்றால் இந்த வாரமே மாற்றுங்கள், சிவப்பு என்றால் மற்ற வேலையை விட்டுவிட்டு டேட்டாவை எடுங்கள். எஸ்எஸ்டி மட்டும் சில சமயம் ஒரு சொல்லும் சொல்லாமல் ஒரே அடியாகப் போய்விடும். பழைய டிஸ்க்கிலிருந்து டக் டக் என்று சத்தம் வந்தால் உடனே அணைத்துவிடுங்கள். மறுபடி மறுபடி ஆன் செய்து பார்க்கப் பார்க்க, மீட்கக்கூடியதும் கெட்டுப்போகும்.

வேலையை விட்டுப் போனவரிடம் பாஸ்வேர்ட் எல்லாம் இருக்கிறது. என்ன செய்வது?

இதையும் பராமரிப்பில்தான் சேர்க்க வேண்டும், யாரும் சேர்ப்பதில்லை. அவர் போகும் நாளிலேயே ஆபீஸ் மெயில், வெளியிலிருந்து சிஸ்டத்துக்குள் நுழைய உதவும் எனிடெஸ்க்கின் நிரந்தர பாஸ்வேர்ட், வைஃபை, டேலி பயனர், வாட்ஸ்அப் இணைத்த சாதனங்கள் எல்லாவற்றையும் மாற்றுங்கள். ஜிமெயிலில் மீட்பு எண்ணாக அவருடைய மொபைல் இருக்கும், அதை மறந்தால் மற்றதெல்லாம் மாற்றியும் பயன் இல்லை.

வெப்சைட் பெயர், அதாவது டொமைன், யார் பெயரில் பதிவாகியிருக்கிறது, எப்போது தீர்கிறது என்றும் பார்த்து வையுங்கள். டொமைன் தீர்ந்தால் வெப்சைட்டோடு மெயிலும் நிற்கும், ஏற்றுமதி செய்பவர்களுக்கு பையர் மெயில் இரண்டு நாள் வராவிட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. 1999 டிசம்பரில் மைக்ரோசாஃப்டே "பாஸ்போர்ட்" என்ற தன் லாகின் சேவையின் டொமைனுக்குப் பணம் கட்ட மறந்து, ஹாட்மெயிலுக்குள் பலரால் நுழைய முடியாமல் போய், வெளியாள் ஒருவர் தன் கார்டிலிருந்து 35 டாலர் கட்டினார்.

ஏ.எம்.சி. போட்டிருக்கிறோம். அதில் இதெல்லாம் வராதா?

ஒப்பந்தத்தை எடுத்துப் படித்துப் பாருங்கள். பல ஏ.எம்.சி.களில் "அழைத்தால் வந்து சரிசெய்வோம்" என்பது மட்டும்தான் இருக்கும். அது பழுது பார்ப்பது. எங்கள் தொழிலிலேயே இதைச் சொன்னால் சிலருக்குப் பிடிக்காது, ஆனால் அழைக்காமலே வருகிற தேதி எழுதப்படாத ஏ.எம்.சி.க்குப் பணம் கொடுக்காதீர்கள். மாதம் ஒரு நாள் வர வேண்டும், வந்து போனதும் ஒரு பக்கத்தில் எழுதித் தர வேண்டும்: எந்த சிஸ்டத்தில் டிஸ்க் நிலை என்ன, அப்டேட் எந்தத் தேதி வரை, யூபிஎஸ் எத்தனை நிமிடம், கடைசியாக எந்தப் பேக்கப்பை எங்கே ரீஸ்டோர் செய்து பார்த்தார். "எல்லாம் ஓகே" என்று ஒரே வரியில் வாட்ஸ்அப்பில் வந்தால் அவர் பார்க்கவில்லை என்று அர்த்தம். அட்மின் பாஸ்வேர்ட் உங்களிடமும் இருக்க வேண்டும், சர்வீஸ்காரரிடம் மட்டும் இருந்தால் நாளைக்கு ஆளை மாற்ற நினைத்தாலும் முடியாது.

பழைய சிஸ்டத்தை எக்ஸ்சேஞ்சில் போடப்போகிறோம். ஃபார்மட் செய்துவிட்டுக் கொடுத்தால் போதுமா?

சாதாரண ஃபார்மட்டில் ஃபைல்களின் பட்டியல்தான் அழிகிறது, உள்ளே இருப்பதை இலவச மென்பொருளை வைத்தே மீட்கலாம். விண்டோஸில் ரீசெட் கொடுக்கும்போது "டிரைவைச் சுத்தம் செய்" என்ற தேர்வைப் போடுங்கள், நேரம் பிடிக்கும், ராத்திரி விட்டுவிட்டுப் போங்கள். அதைவிட எளிது, டிஸ்க்கைக் கழற்றி வைத்துக்கொண்டு மெஷினை மட்டும் கொடுப்பது. எக்ஸ்சேஞ்சில் டிஸ்க்குக்காகக் குறைக்கும் தொகை பெரிதாக இருக்காது. ஜிஎஸ்டி கணக்குகளை வருடாந்திர ரிட்டர்ன் கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும் என்பதால் அந்த டிஸ்க் எப்படியும் உங்களுக்கு உதவும். கொடுக்கும் முன் சிபியுவுக்குப் பின்னால் ஒருமுறை கையை விட்டுப் பாருங்கள். டிஎஸ்சி டோக்கன் அங்கேதான் செருகியிருக்கும்.